கொல்லையில் ஒரு கொடிப்பந்தல்: ஐப்பசி மழைக்கும் நிற்கிற மாதிரி

புடலை, பாகல், பீர்க்கு மூன்றும் கொல்லையில் இருந்தால் புரட்டாசியில் காய்க்காகக் கடைக்குப் போக வேண்டாம். மூன்றுக்கும் பந்தல் வேண்டும். தரையில் படரவிட்டாலும் காய்க்கத்தான் செய்யும். ஆனால் எங்கள் பக்கத்துக் களிமண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் வடிய நேரமாகும். ஈர மண்ணில் கிடக்கிற காய் அடிப்பக்கம் வெளுத்து அழுகிவிடும். இலைக்குக் கீழே என்ன படுத்திருக்கிறது என்று தெரியாமல் கையை விட்டுப் பறிக்க வேண்டும். பந்தல் போட்டுவிட்டால் காய் காற்றில் தொங்கும், கண்ணுக்குத் தெரியும், நிமிர்ந்து நின்று பறிக்கலாம்.

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. அந்தத் தண்ணீர் பாய்கிற ஒரு ஊரில்தான் எங்கள் வீடு. கோடையில் வெடித்துக் கிடக்கிற மண், ஐப்பசியில் கால் புதைகிற சேறாகிவிடும். இந்த மண்ணில் பந்தல் போடுகிறவர்கள் முக்கியமாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பந்தலைக் கட்டுவது ஆனி மாத வெயிலில், அதற்குச் சோதனை வருவது ஐப்பசி மழையில். கட்டும்போது காலெல்லாம் கல்லில் நட்டதுபோல் அசையாமல் நிற்கும். அதை நம்பிவிடக் கூடாது. நாலு மாதம் கழித்து மண் இளகியிருக்கும், மேலே கொடி அடர்ந்திருக்கும், ஒவ்வொரு இலையும் மழைத் தண்ணீரை ஏந்திக்கொண்டிருக்கும், கீழே காய் தொங்கும், மேலே வாடைக்காற்று அடிக்கும். அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு இப்போது கடப்பாரையை எடுங்கள்.

இங்கே நான் சொல்வது 12 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள ஒரு பந்தல். நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்குத் தாராளமாகப் போதும். இதைவிடப் பெரிதாக வேண்டுமானால் இதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் போடுங்கள். ஒரே பந்தலை இழுத்துக்கொண்டே போனால் நடுவில் தொய்யும்.

இடம் பார்க்கும்போது வெயிலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அது சரிதான், கொடிக்காய்க்கு நாள் முழுக்க வெயில் படுகிற இடம் நல்லது. அதோடு அண்ணாந்தும் பாருங்கள். நம் கொல்லைகளில் தென்னை இல்லாத இடம் குறைவு. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் அந்த வருஷப் பந்தல் முடிந்தது. மட்டை விழுகிற எல்லைக்கு வெளியே தள்ளிப் போடுங்கள். அடுத்தது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் பந்தல் போட்டால் கொடியின் வேர் தண்ணீரில் நிற்கும். புடலையும் பாகலும் அதைத் தாங்காது. ரெண்டு நாள் வேரடியில் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளாகித் தொங்கிவிடும். கொல்லையில் மேடான இடம் எதுவோ அதுதான் பந்தலுக்கு. மேடே இல்லை என்றால் விதைக்குழியையாவது மேடாக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கால்கள்

பந்தலுக்கு 6 கால் வேண்டும். நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் 3, ஒன்றுக்கொன்று 6 அடி தள்ளி. ஒவ்வொரு காலும் 8 அடி நீளம். 2 அடி மண்ணுக்குள், 6 அடி மேலே. வேதாரண்யம் பக்கம், கடலோர மணலில் இருப்பவர்கள் இன்னும் அரை அடியாவது கூடுதலாக இறக்குங்கள். மணல் தண்ணீரை நிறுத்தாது என்பது நல்லதுதான், ஆனால் காலையும் இறுக்கிப் பிடிக்காது.

எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது சவுக்கு. மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருத்த கம்பாக இருந்தால் போதும். மூங்கிலும் கால் ஆகும். ஆனால் மண்ணுக்குள் இருக்கிற பகுதி மூங்கிலில் சீக்கிரம் இற்றுப்போகும் என்பதால் மூங்கிலை மேலே போடவும் சவுக்கைக் கீழே நடவும் நான் வைத்துக்கொள்கிறேன். கம்பு எடுக்கும்போது ஒரு விஷயத்துக்காகக் கடையில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். உச்சியில் கவை உள்ள கம்பாகப் பொறுக்குங்கள். இரண்டாகக் கிளை பிரிகிற இடத்துக்குச் சாண் உயரத்தில் வெட்டின கம்பு. கடைக்காரர்கள் கவைக் கம்பை ஒதுக்கி ஓரமாகப் போட்டிருப்பார்கள், நேரான கம்புக்குத்தான் கிராக்கி. நமக்கு வேண்டியது அந்த ஓரத்தில் கிடப்பதுதான்.

கவைக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பந்தலின் பலமே அங்கேதான் இருக்கிறது. குறுக்கு மூங்கிலைக் காலின் பக்கவாட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினால் மேலே இருக்கிற பாரம் முழுக்க அந்தக் கயிற்றில் தொங்குகிறது. கயிறு நனையும், காயும், மறுபடி நனையும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நெகிழும். அப்புறம் ஒருநாள் ராத்திரி மழையில் மூங்கில் சரசரவென்று வழுக்கிக் கீழே வரும். கவைக்குள் மூங்கிலை உட்கார வைத்தால் பாரம் கட்டையில் இறங்கி நேரே மண்ணுக்குப் போய்விடுகிறது. கயிற்றுக்கு அங்கே ஒரே வேலைதான், மூங்கில் காற்றில் எகிறாமல் பிடித்துக்கொள்வது. பாரம் கட்டையில் உட்கார வேண்டும், கயிற்றில் தொங்கக் கூடாது. கவைக் கம்பு கிடைக்கவே இல்லையென்றால் கம்பின் உச்சியில் அரிவாளால் ஒரு வாய் வெட்டுங்கள், மூங்கிலில் பாதி உள்ளே உட்காருகிற அளவுக்கு. வெட்டின வாய்க்கு ஒரு விரல் கீழே கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் கம்பு பிளக்காது.

கோவைக்காய்க்குப் பந்தல் போடுகிறவர்கள் உயிருள்ள காலையே நடலாம். கோவை ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் நிற்கிற கொடி, அதற்கு வருஷா வருஷம் கால் மாற்ற முடியாது. ஒதியம், கிளுவை, பூவரசு எதுவானாலும் பருத்த போத்தாக, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டாக, வெட்டி மழைக்காலத்தை ஒட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். ‘ஒதி பெருத்தால் உத்தரமாகுமா’ என்று அதை மட்டமாகச் சொல்வார்கள். உத்தரம் ஆகாதுதான், பந்தலுக்குக் கால் ஆகும். உயிர்க் காலைக் கரையான் அரிக்காது, அது இற்றும் போகாது. ஒன்றே ஒன்று, அது துளிர்த்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு தடவை தழையைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் கொடிக்கு வெயில் கிடைக்காது. கழித்த கிளுவைத் தழையையும் பூவரசந் தழையையும் ஆடு வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். முருங்கைப் போத்தை மட்டும் காலாக நடாதீர்கள். வேர் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் கட்டை மெத்து, காற்றுக்கு முறிந்துவிடும்.

சவுக்கு நடுகிறவர்கள் அடிப்பகுதி இரண்டரை அடியைத் தீயில் காட்டிக் கருக்கிக்கொள்வது பழைய வழக்கம். மேல்தோல் கரியாகும்வரை திருப்பித் திருப்பிக் காட்டினால் போதும். 2 அடிதானே மண்ணுக்குள், ஏன் இரண்டரை என்றால், கம்பு இற்றுப்போவது அடி நுனியில் இல்லை, மண் மட்டத்தில். ஈரமும் காற்றும் சேர்ந்து படுகிற அந்த ஒரு சாண் இடத்தில்தான் முதலில் போகும். கருக்கல் அந்த இடத்தைத் தாண்டி மேலே வர வேண்டும். சிலர் பழைய இன்ஜின் ஆயில் பூசுகிறார்கள். சாப்பிடுகிற காய் வேர் விடும் மண்ணில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

மூங்கில்

குறுக்கே போட மூங்கில். 13 அடியில் இரண்டு, 9 அடியில் மூன்று. பக்கத்துக்கு அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் இந்த அளவு. கொள்ளிடம் படுகையிலும் ஆற்றங்கரைகளிலும் மூங்கில் குத்து உள்ளவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம், கடையிலும் வாங்கலாம். முற்றிய மூங்கிலா என்று பாருங்கள். பளபளவென்று பச்சையாக இருந்தால் இளசு. முற்றினது பச்சை மங்கி, மேலே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், தட்டினால் கணீரென்று சத்தம் வரும்.

எப்போது வெட்டினது என்று கேட்பது அதைவிட முக்கியம்.

“தம்பி, இது எப்ப வெட்டுனது?”

“தையிலயே வெட்டிப் போட்டதுக்கா. தண்ணியிலயும் ஊறப் போட்டுத்தான் எடுத்தோம்.”

இப்படிப் பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம். மழைக்காலத்தில் வெட்டின மூங்கிலில் மாவுச்சத்தும் ஈரமும் அதிகம், வண்டு சீக்கிரம் இறங்கி உளுத்துப் போகும். தை, மாசியில், அதுவும் தேய்பிறையில் வெட்டுவது நம் ஊர் வழக்கம். வெட்டினதைக் குளத்திலோ வாய்க்காலிலோ இரண்டு மூன்று வாரம் அமுக்கி வைத்தால் உள்ளே இருக்கிற மாவுச்சத்து கரைந்து வெளியேறும், வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. எடுத்தபின் நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலில் போட்டால் வெடிக்கும். உளுத்த மூங்கிலைக் கண்டுபிடிப்பது சுலபம். தரையில் ஒரு தட்டுத் தட்டினால் கணுவோரம் வெள்ளை மாவு கொட்டும்.

இதோடு 13 அடியில் மூன்று மூங்கில் பிளாச்சு, அதாவது நீளவாக்கில் பிளந்த பட்டை, இரண்டு விரல் அகலத்தில். கணுவைச் செதுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், பிளாச்சின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும்.

மேலே பின்னுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு 200 அடி. கால் மூட்டுகளுக்கு மட்டும் கட்டுக்கம்பி அல்லது நைலான் கயிறு. எல்லாவற்றுக்கும் நைலானே போட்டுவிடலாமே என்பார்கள். நான் பின்னலுக்கு நார்க் கயிறுதான் போடுகிறேன். காரணம் இரண்டு. பருவம் முடிந்து கொடி காய்ந்ததும், கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிற சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. நார்க் கயிறாக இருந்தால் நான்கு பக்கமும் அறுத்துவிட்டுக் கொடியோடு சேர்த்துச் சுருட்டி எருக்குழியில் போட்டுவிடலாம். மெதுவாகத்தான் மக்கும், ஆனாலும் மண்ணுக்குக் கெடுதல் இல்லை. இன்னொன்று, நார்க் கயிறு சொரசொரப்பு. இளங்கொடி அதைப் பிடித்துக்கொள்கிற வேகமே வேறு.

பழைய மீன்வலையைப் போர்த்திவிடுகிற பழக்கம் நாகப்பட்டினம் பக்கம் உண்டு. வேலை குறையும், உண்மை. ஆனால் சின்னக் கண்ணி வலையில் பிஞ்சு மாட்டிக்கொண்டு இடுப்பு ஒடுங்கிப் பருக்கும். அதைவிட, வலையின் கீழ்ப்பக்கம் தரையில் தொங்கினால் சாரைப்பாம்பும் ஓணானும் சிக்கிச் செத்துப்போகும். எலி பிடிக்கிற சாரையைக் கொல்லையில் கொன்றுவிட்டு அப்புறம் எலிக்கு மருந்து தேடுவானேன்? வலை போடுவதானால் உள்ளங்கை நுழைகிற கண்ணியாகப் பாருங்கள், தரையில் தொங்கவிடாதீர்கள்.

குழியும் நடவும்

மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கொல்லை மண்ணும் கொஞ்சம் இளகும், குழி எடுக்கச் சுகம். தண்ணீர் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். குழி எடுக்கிற ஆறு இடத்திலும் முதல் நாள் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காலையில் கடப்பாரை தானாக இறங்கும்.

குழி அகலமாக இருக்கக் கூடாது. மண்வெட்டியால் வெட்டினால் வாய் அகலமாகிவிடும், அப்புறம் எவ்வளவு மண் போட்டுக் குத்தினாலும் கால் ஆடும். கடப்பாரையால் மட்டும் குத்தி, கம்பு பருமனைவிடச் சுற்றிலும் மூன்று விரல் அதிகமாக வைத்து இறக்க வேண்டும். குத்தின மண்ணை வெளியே எடுக்கக் கொட்டாங்கச்சிதான் கருவி. ஒரு அடி ஆழம்வரை குந்தியிருந்து அள்ளலாம், அதற்குமேல் தரையோடு படுத்துத் தோள்வரை கையை விட்டு அள்ள வேண்டியிருக்கும். மண் வாசனையும் குளிர்ச்சியும் முகத்துக்கு நேரே வரும். இளம் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த வேலைக்கு அவர்களே வந்து நிற்பார்கள், கை மெலிசாக இருப்பதால் நமக்கும் சௌகரியம்.

நாலு மூலையையும் முதலில் கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடியுங்கள், அதே கயிற்றை மற்ற இரண்டு மூலைக்கும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. இந்த அளவுக்கு அது 14 அடி 5 அங்குலம் வரும்.

மூலைக் கால் நான்கையும் நேராக நடாதீர்கள். உச்சி வெளிப்பக்கம் நாலு விரல் சாய்ந்திருக்கட்டும். மேலே கயிறு பின்னி இழுக்கும்போதும், பாரம் ஏறும்போதும் மூலைக் கால்கள் உள்பக்கமாகத்தான் வரும். முதலிலேயே வெளியே சாய்த்து வைத்தால் அப்போது நேராகிக்கொள்ளும். நடுக்கால் இரண்டும் நேராக நிற்கலாம்.

காலை இறக்கியதும் எடுத்த களிமண்ணையே திரும்பப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. களிமண் காய்ந்தால் சுருங்கிக் காலைவிட்டு விலகும், நனைந்தால் இளகும், இரண்டும் நமக்கு ஆகாது. உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, ஆற்று மணல் இவற்றைக் கலந்து போடுங்கள். ஒரு சாண் போட்டதும் கடப்பாரையின் மொண்ணைப் பக்கத்தால் சுற்றிச் சுற்றிக் குத்துங்கள். அப்புறம் அடுத்த சாண். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் குத்தினால் அடியில் பொந்தாக நிற்கும். சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். மண் இறுகாதவரை தொப் தொப்பென்று கேட்கும், இறுகியதும் சத்தம் மேலேறி டக் டக்கென்று கைக்கு எதிர்க்கும். தரைக்கு மேலே மண்ணைக் காலைச் சுற்றிக் கூம்பாக அணைத்துவிடுங்கள், மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் வழிந்து ஓடும்.

உயரம் எவ்வளவு என்பதற்குப் பொதுவாக 6 அடி என்று சொல்வார்கள். நான் சொல்வது, தினமும் காய் பறிக்கப்போவது யாரோ அவரைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள். கையைத் தூக்கினால் அவருடைய மணிக்கட்டு வருகிற உயரம்தான் பந்தலின் உயரம். எங்கள் வீட்டில் பறிப்பது என் மாமியார். குள்ளமானவர். ஐந்தரை அடியில்தான் பந்தல். என் வீட்டுக்காரர் குனிந்துதான் உள்ளே வருவார், ஆனால் அவர் வருவது வாரத்துக்கு ஒரு தடவை. அத்தை ஸ்டூல் போட்டு ஏறிக் காய் பறிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

இனி மேல் வேலை. 13 அடி மூங்கில் இரண்டையும் கவைகளில் உட்கார வைத்துக் கம்பியால் இறுக்குங்கள். அதன்மேல் 9 அடி மூங்கில் மூன்றையும் குறுக்கே, ஒவ்வொரு கால் ஜோடிக்கும் நேர் மேலே வையுங்கள். கால் இல்லாத இடத்தில் குறுக்கு மூங்கில் வைத்தால் நீள மூங்கில் அந்த இடத்தில் வளையும். இரண்டு மூங்கிலும் சேருகிற இடத்தில் கயிற்றை எக்ஸ் போலப் போட்டால் மட்டும் போதாது. மேல் மூங்கிலுக்கு மேலாக, கீழ் மூங்கிலுக்கு அடியாக என்று நான்கு பக்கமும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் அந்தச் சுற்றுகளுக்கு நடுவே, இரண்டு மூங்கிலுக்கும் இடையில் கயிற்றை விட்டு இரண்டு சுற்று இறுக்குங்கள். கட்டு இறுகுவது அந்தக் கடைசி இரண்டு சுற்றில்தான். அதை விட்டுவிட்டால் எவ்வளவு கயிறு சுற்றினாலும் கட்டு ஆடும்.

பிளாச்சு மூன்றையும் நீளவாக்கில், 2 அடிக்கு ஒன்றாகப் பரப்பிக் கட்டுங்கள். பிறகு கயிறு. நார்க் கயிற்றைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் வளைந்து கொடுக்கும், கையையும் கிழிக்காது. பிளாச்சுக்கு இடையே நீளவாக்கில் நான்கு வரி, குறுக்கே அடிக்கு ஒன்றாக 10 வரி. குறுக்குக் கயிறு ஒவ்வொரு பிளாச்சையும் தாண்டும்போது ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகட்டும். சுற்றாமல் போனால் ஒரு இடத்தில் அறுந்தாலும் முழு வரியும் தொய்ந்துவிடும். கட்டி முடித்த கயிறு காய்ந்ததும் கொஞ்சம் தளரும், ஒரு வாரம் கழித்து ஒருமுறை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக மூலைக்கு ஒரு இழுகம்பி. காலின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக, 3 அடி தள்ளி ஒரு முளைக்குச்சி அடித்து அதில் கட்ட வேண்டும். முளைக்குச்சி பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பி இழுக்க இழுக்க மேலே கழன்று வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து, ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து. நான்கு மூலையிலும் இழுகம்பி இருந்தால் எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கக் கம்பி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். இருட்டில் கொல்லைக்குப் போகிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க அது கட்டாயம்.

புயலுக்கு எந்தப் பந்தலும் நிற்காது. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா, காலங்காலமாக நின்ற தென்னைகளையே சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பயந்து சிமெண்ட் தூண் எழுப்ப வேண்டாம். வழக்கமான பருவமழைக்கும் காற்றுக்கும் இந்தப் பந்தல் போதும்.

கொடியை ஏற்றுவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் போட்டால் பாகல் புரட்டாசியில் காய்க்கத் தொடங்கும், புடலை இன்னும் சில வாரம் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குகிற கொல்லை என்றால் தைப்பட்டம்தான் உங்களுக்கு நல்லது. அவரையை மட்டும் ஆடியில்தான் போட வேண்டும். நாட்டு அவரை பகல் பொழுது குறைகிற காலத்தில்தான் பூக்கும், மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகப் பிடிக்கும்.

இந்த அளவுப் பந்தலுக்கு இரண்டு குழி, மிஞ்சினால் மூன்று. ஆசைப்பட்டு ஆறேழு குழி போட்டால் கொடி ஒன்றையொன்று மூடி இலைதான் மிஞ்சும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். பந்தல் காலிலிருந்து 2 அடியாவது தள்ளி இருக்கட்டும், தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் கால் இருந்தால் இற்றுவிடும். மக்கிய எரு 10 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, தரையைவிட ஒரு சாண் மேடாக எழுப்புங்கள். பாகல் விதைத் தோல் கடினம், ராத்திரி முழுக்க ஊறட்டும். ஐந்து விதை போட்டு, முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

கொடி ஒரு சாண் வளர்ந்ததும் குழியோரம் சவுக்கு மிலாறு, அதாவது மெல்லிய கிளைக்குச்சி, இரண்டு மூன்றை ஊன்றி, அதிலிருந்து பந்தலுக்கு ஒரு நார்க் கயிறு விடுங்கள். பந்தல் காலே பக்கத்தில் இருக்கிறதே, அதில் ஏறாதா என்று கேட்பார்கள். ஏறாது. பாகல் கொடியின் சுருளைக் கிட்டத்தில் பாருங்கள். நூல் மாதிரி நீண்டு காற்றில் துழாவிக்கொண்டிருக்கும். மெல்லிசாக ஏதாவது பட்டால் சில நிமிஷத்திலேயே நுனி வளையத் தொடங்கிவிடும். சுற்றிக்கொண்ட பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கொடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பருத்த சவுக்குக் காலை அதனால் சுற்றி வர முடியாது, வழுக்கிவிடும். கயிறும் மிலாறும்தான் அதன் கைக்கு அடங்கும். பிடிமானம் கிடைக்காத கொடியை வாழை நாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கொடி பருத்தால் நார் தானே விட்டுக்கொடுக்கும்.

பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள், ஒரே கொடியாக மேலே போகட்டும். பந்தலில் ஏறி அரை முழம் படர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். அப்போதுதான் பக்கக் கிளை வெடித்து நாலாபக்கமும் பரவும், பெண் பூவும் அந்தக் கிளைகளில்தான் அதிகம் வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூவாகவே உதிரும், பயப்பட வேண்டாம். பீர்க்கும் சுரையும் புடலையும் பூப்பது சாயங்காலத்துக்கு மேல், பாகல் விடியற்காலையில். சாயங்காலம் மழை விடாமல் பெய்கிற நாட்களில் பீர்க்கும் சுரையும் பிஞ்சு பிடிக்காமல் வெம்பும். அப்போது ஆண் பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிடலாம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், அதுதான் அடையாளம்.

புடலம்பிஞ்சு பந்தலுக்கு மேலே படுத்துக்கொண்டால் வளைந்து போகும். விரல் நீளம் வந்ததும் கயிற்று இடைவெளி வழியாகக் கீழே இறக்கிவிடுங்கள். நீளப் புடலை என்றால் நுனியில் ஒரு சின்னக் கல்லை நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும், நேராக இறங்கும். கல் கோலிக்குண்டு அளவு போதும். குட்டைப் புடலைக்குக் கல் தேவையில்லை. சுரைக்காயைப் பந்தலில் விடுகிறவர்கள் காய் பருக்கும்போது அந்த இடத்துக் கயிற்றுக்கு அடியில் கூடுதலாக ஒரு பிளாச்சு செருகிவிடுங்கள், நார்க் கயிறு மட்டும் அந்தக் கனத்துக்குப் போதாது.

பழ ஈ குத்தின காய் ஒரு பக்கம் மஞ்சளித்துக் கோணும். அதைப் பறித்துப் பந்தலுக்கு அடியிலேயே போட்டால் உள்ளே இருக்கிற புழு மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஈயாக வரும். பறித்த உடனே தண்ணீர் நிரம்பிய வாளியில் போட்டு மூழ்க வையுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். மற்றபடி காயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கத்தியால் அறுத்துப் பறியுங்கள். பிடித்து இழுத்தால் கயிற்றுப் பின்னல் மொத்தமும் குலுங்கிப் பூ உதிரும்.

ஐப்பசி பிறந்ததும் பெரிய மழைக்கு முன்னால் ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் ஓட்டுச் சில்லு செருகிக் குத்துங்கள். இழுகம்பியைத் தட்டினால் விண்ணென்று இருக்க வேண்டும். காய்த்து ஓய்ந்த அடிக்கொடியையும் பழுத்த இலையையும் கழித்துவிட்டால் பந்தலின் பாரம் நன்றாகக் குறையும். மழை ஓய்ந்ததும் இன்னொரு சுற்று. இரண்டாவது வருஷத்திலிருந்து, ஆனியில் புதுக் கயிறு கட்டுவதற்கு முன்னால், ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு காலையும் மண் மட்டத்தில் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் காலை மட்டும் மாற்றினால் போதும். புதுக் காலைப் பழைய குழியிலேயே நடாமல் ஒரு முழம் தள்ளிக் குழி எடுங்கள், பழைய குழியில் கரையான் இருக்கும்.